டுவெய்ன் தோண்டிய நிலவறை

ஹோல்டர்னஸ் கவுண்டி என்கிற எங்கள் மாவட்டத்தில் யார்மேல் வேண்டுமானாலும் வழக்குப் போடலாம். மேயர்மேல் போட்டிருக்கிறார்கள். பாதிரியார்மேல் போட்டிருக்கிறார்கள். வழுக்கி விழுந்த ஒருவர் பனிமேலேயே வழக்குப் போட வந்து, பனி யாருடைய பொறுப்பு என்று தெரியாமல் திரும்பிப் போயிருக்கிறார். ஆர்டித் ப்ளம்லி அம்மையார்மேல் மட்டும் போட முடியாது.

அம்மையார் நீதிமன்றம் நியமித்த குழந்தைப் பிரதிநிதி. அப்பனும் ஆத்தாளும் பிரிந்து, பிள்ளை யாரிடம் இருப்பது என்று அடித்துக்கொள்ளும்போது, பிள்ளைக்கு எது நல்லது என்று விசாரித்துச் சொல்ல நீதிபதி ஒருவரை நியமிப்பார். இருபது வருடமாக அந்த ஒருவர் இவர்தான். மூன்றாம் மாடியில் இவருக்கு ஓர் அறை. கதவில் ‘குழந்தையின் குரல்’ என்று பித்தளைப் பலகை. ஒரே சமயத்தில் அறுபத்துமூன்று பிள்ளைகளுக்குக் குரலாக இருந்தார். அந்த அறைக்குள் ஒரு பிள்ளை நுழைந்து நான் பார்த்ததில்லை. மேசைமேல் மிட்டாய்க் கிண்ணம் ஒன்று உண்டு. மிட்டாய்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகிவிட்டன.

என் பெயர் மெர்ல். அதே நீதிமன்றத்தில் டவாலி. நீதிபதி வரும்போது “எல்லோரும் எழுந்து நில்லுங்கள்” என்று கத்துவேன். தண்ணீர்க் குடுவையை நிரப்புவேன். அழுகிறவர்களுக்கு வெளியே போகும் வழியைக் காட்டுவேன். இருபத்திரண்டு வருடச் சேவை. இந்தக் கதை நடந்தபோது ஓய்வூதியத்துக்குப் பதினான்கு மாதம் பாக்கி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிற்பாடு என்னைத் திட்டுவதற்கு உங்களுக்கு வசதியாக இருக்கும்.

டுவெய்ன் காஃப்மன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். கடைசிப் பிள்ளை வீட்டுக்கதவைச் சாத்தும்வரை வண்டியை நகர்த்த மாட்டான். பின்னால் கார்க்காரர்கள் ஹாரன் அடித்துத் தீர்ப்பார்கள். மண விலக்காகி மூன்று வருடம். மகள் டெசாவுக்கு ஒன்பது வயது. புதனும் சனியும் அவள் அவனோடு, மற்ற நாள் அம்மா லோரீனோடு. இதில் யாருக்கும் குறையில்லை. லோரீன் கெட்டவளும் இல்லை. அரிசோனாவில் நீச்சல்குளம் கட்டி விற்கும் ஒருவரை அவள் மணக்கப் போகிறாள், ஜூனில் டெசாவையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். டெசா இங்கேயே தன்னோடு இருந்து படிக்கட்டும், விடுமுறைக்கு அங்கே போகட்டும் என்றான் டுவெய்ன். இரண்டு நாள் பேருந்துப் பயணத் தூரம் இருக்கிறது அரிசோனா. அவன் பயந்ததில் நியாயம் இருந்தது.

“அவளையே கேளுங்களேன், யுவர் ஆனர். நல்லாப் பேசுவா” என்று ஜனவரியில் நீதிபதி ட்ரூவாக்ஸிடம் சொன்னான்.

“குழந்தையப் போய் கேக்கறதாவது! அதுக்குத்தான் பிரதிநிதி இருக்காங்க” என்றார் நீதிபதி.

பிப்ரவரியில் அம்மையார் டுவெய்னின் வீட்டுக்கு விசாரணைக்கு வந்தார். மறுநாள் தாழ்வாரப் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து டுவெய்ன் சொன்னான்.

“பதினோரு நிமிஷம் இருந்தாங்க மெர்ல். காபி குடிச்சாங்க. பாத்ரூம் எங்கன்னு கேட்டாங்க. டெசா மூணரைக்கு வந்துடுவா, இருந்து பாத்துட்டுப் போங்கன்னேன். வேண்டாம்னுட்டாங்க.”

“ஏனாம்?”

“குழந்தை பக்கத்துல இருந்தா குழந்தையோட நலனைப் பத்தி யோசிக்க முடியாதாம். சத்தம் ஜாஸ்தியா இருக்குமாம்.”

மூன்று வாரத்தில் அறிக்கை வந்தது. பதினான்கு பக்கம். டுவெய்ன் நான்காம் பக்கத்தைப் பிரித்து என் மடியில் வைத்தான். அதில் இப்படி இருந்தது: டெசா தன் தந்தை வீட்டு நிலவறையில் உள்ள கணப்பு உலையைக் கண்டு அஞ்சுகிறாள். ‘அது பல்லைக் கடிக்கிற மாதிரி சத்தம் போடுது’ என்று கண்ணீருடன் கூறினாள். பிஸ்கட் என்னும் தன் மட்டக்குதிரைக்காக ஏங்குகிறாள். தந்தை தொலைதூர லாரி ஓட்டுநர் என்பதால் வாரத்தில் நான்கு நாள் வீட்டில் இருப்பதில்லை.

“மெர்ல், நான் இருக்கறது டிரெய்லர் வீடு” என்றான் டுவெய்ன். “சக்கரத்து மேல நிக்குது. நிலவறை எங்கேர்ந்து வரும்? கீழ குனிஞ்சு பாத்தா அந்தப் பக்கத்துப் புல்லு தெரியும்.”

அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை படித்தேன். காரணம், அந்த உலையை எனக்கு முன்பே தெரியும். போன இலையுதிர் காலத்தில் வேறொரு வழக்கில், கார்வின் என்ற பையனைப் பற்றிய அறிக்கையை அம்மையார் உரக்கப் படித்தார். அதே உலை, அதே பல்லைக் கடிக்கிற சத்தம், அதே பிஸ்கட். அன்றைக்குச் சபையே கண்கலங்கியது, நான் உட்பட. அம்மையார் அந்த அறிக்கையைக் கணினியில் திறந்து, பையன் பெயர் இருந்த இடத்தில் எல்லாம் டெசாவின் பெயரைப் போட்டிருக்கிறார். கணினியும் களைத்துப் போகுமோ என்னவோ, ஒன்பதாம் பக்கத்தில் ஓர் இடத்தை மட்டும் விட்டுவிட்டது. ‘கார்வினுக்கு இரவில் விளக்கு தேவை’ என்று அங்கே தனியாக நின்றது.

இதை டுவெய்னிடம் நான் சொல்லவில்லை. சபையில் உரக்கப் படித்தாலும் பிள்ளைகளின் கோப்பு முத்திரை வைக்கப்பட்ட இரகசியம், வெளியே சொன்னால் வேலை போகும். ஆனால் அன்று மாலை லிஃப்டில் அம்மையாரிடம் கேட்டே விட்டேன்.

“மேடம், அந்த உலை போன வருஷத்துப் பையனோடது இல்லையா?”

அவர் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. கோபப்பட அவருக்கு என்ன அவசியம்? “பயம் எல்லாக் குழந்தைக்கும் பொது, மெர்ல்” என்றார்.

“மட்டக்குதிரை?”

“ஏக்கமும் பொதுதான்.” லிஃப்ட் இரண்டாம் மாடியில் நின்று, யாரும் ஏறாமல் மறுபடி கிளம்பியது. “உங்களுக்கும் சட்டக் காப்பு உண்டு, தெரியுமா? நீதிமன்ற வேலையா நீங்க எதைச் செஞ்சாலும் உங்க மேல ஒருத்தரும் வழக்குப் போட முடியாது. உங்க வேலைய மட்டும் செய்யற வரைக்கும். உங்க வேலை என்ன?”

“எல்லாரையும் எழுந்து நிக்கச் சொல்றது, மேடம்.”

“ரொம்ப முக்கியமான வேலை. அதோட நிறுத்திக்கங்க.”

மார்ச் விசாரணையில் டுவெய்ன் சர்ச்சுக்குப் போடும் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தான். வக்கீல் இல்லை. பைபிளில் கை வைத்துச் சத்தியம் செய்து, “என் வீட்டில் நிலவறை இல்லை, உலை இல்லை, மட்டக்குதிரை இல்லை, நான் லாரி ஓட்டுகிறவன் இல்லை” என்று வரிசையாகச் சொன்னான். கேட்பதற்கு ஏதோ பெரிய ஏழையின் பட்டியல் மாதிரி இருந்தது.

நீதிபதி மூக்குக்கண்ணாடியை இறக்கினார். “மிஸ்டர் காஃப்மன், அறிக்கையில நிலவறைன்னு ஆறு இடத்துல இருக்கு. நீங்க இல்லைன்னு சொன்னது ஒரு தடவைதான்.”

டுவெய்ன் இன்னும் ஐந்து தடவை சொன்னான். அது எடுபடவில்லை.

“ஒன்பதாம் பக்கம் பாருங்க, யுவர் ஆனர். அதுல கார்வின்னு யாரோ வர்றான். யாரு அவன்?”

அம்மையார் எழுந்தார். “அந்த விஷயம் எனக்கும் கவலையாத்தான் இருக்கு, யுவர் ஆனர். கார்வின்ங்கறது குழந்தையோட கற்பனைத் தோழனா இருக்கலாம். தன் பயத்தையெல்லாம் அவன் மேல ஏத்தி வச்சிருக்கா. தகப்பன் பக்கத்துல இல்லாத குழந்தைங்ககிட்ட இது அடிக்கடி வரும். மனநல ஆலோசனைக்குப் பரிந்துரை பண்றேன்.”

“குறிச்சுக்கங்க” என்றார் நீதிபதி.

“அவங்க டெசாவப் பாக்கவே இல்லையே!” என்று டுவெய்ன் கத்தினான்.

அதற்கு அம்மையார் சொன்ன பதிலை நான் மறக்கவே மாட்டேன். குரலில் அத்தனை கனிவு. “பாத்திருந்தா ஒரு குழந்தையத்தான் பாத்திருப்பேன். இருபது வருஷமா நான் குழந்தைமையையே பாத்துக்கிட்டிருக்கேன்.” பின்வரிசையில் ஓர் அம்மாள் கைக்குட்டையை எடுத்தாள்.

நீதிபதி தீர்ப்பைத் தள்ளி வைத்தார். அவர் பெரிய மனது பண்ணியதாகவே எல்லோரும் நினைத்தோம். “இந்தப் பொண்ணு இங்க இருந்து படிக்கறதுல எனக்கு ஆட்சேபணை இல்ல. குறுக்க நிக்கறது அந்த உலை ஒண்ணுதான். அதை அகற்றி, கட்டட அலுவலகத்துல சான்றிதழ் வாங்கி ஜூன் பத்தாம் தேதி கொண்டாங்க. அப்புறம் பேசலாம்.”

டுவெய்ன் கட்டட அலுவலகத்துக்கு நேராகப் போனான். அங்கே ஆய்வாளர் ஹார்லன் பெட்ரி. நல்ல மனிதர், ஆனால் படிவத்தில் இல்லாத எதையும் செய்ய மாட்டார்.

“என் வீட்டுல நிலவறை இல்லைன்னு ஒரு சான்றிதழ் குடுங்க சார்.”

“இல்லாததுக்குச் சான்றிதழ் கிடையாதுங்க. இருக்கறதுக்குத்தான் உண்டு.”

“நேர்ல வந்து பாருங்களேன்.”

“எதைப் பாக்க? நிலவறைன்னு ஒண்ணு இருந்தா, அதை ஆய்வு பண்ண வருவேன். இல்லேங்கறீங்க. இல்லாத இடத்துக்கு நான் எப்படி ஆய்வுக்கு வர்றது?”

“அப்ப உலைய அகற்றினதா எழுதிக் குடுங்க.”

“உலை இருந்தாத்தானே அகற்ற முடியும்?”

பக்கத்து ஜன்னலில் புகார்ப் படிவம் கிடைத்தது. குழந்தைப் பிரதிநிதிகள்மீதான புகார்க்குழுவுக்கு அதை அனுப்பினான். குழுவின் தலைவர் என்ற முறையில் ப்ளம்லி அம்மையார் அதைப் பெற்று, பிரதிநிதி என்ற முறையில் அதற்கு விளக்கம் எழுதி, தலைவர் என்ற முறையில் அந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டு, ‘தங்கள் ஆர்வத்துக்கு நன்றி’ என்று டுவெய்னுக்குக் கடிதம் போட்டார்.

ஏப்ரல் முதல் வாரத்தில் டுவெய்ன் அம்மையார்மேல் வழக்குப் போட்டான். எங்கள் கவுண்டிக்கு ஒரே நீதிபதி என்பதால் அதையும் ட்ரூவாக்ஸ்தான் கேட்டார். நான்கு நிமிடத்தில் முடிந்தது. ஆனால் நீதிபதிக்குப் பொறுமை அதிகம், டுவெய்னுக்குச் சட்டத்தைப் புரியவைக்காமல் அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை.

“அவங்க நீதிமன்றத்தோட கை, மிஸ்டர் காஃப்மன். நீதிமன்றத்துக்கு உள்ள சட்டக் காப்பு கைக்கும் உண்டு.”

“அப்ப அவங்க எழுதின பொய்க்கு நீங்க பொறுப்பா, யுவர் ஆனர்?”

“நான் எப்படிப் பொறுப்பாவேன்? அவங்க சுதந்திரமா விசாரிக்கறவங்க. நான் தலையிடக்கூடாது.”

“வேலைய ஒழுங்கா செய்யாட்டியுமா?”

“அறிக்கை எழுதறது அவங்க வேலையா இல்லையா?”

“வேலைதான்.”

“எழுதினாங்களா?”

“எழுதினாங்க.”

“அவ்வளவுதான். நல்லா எழுதினாங்களா, நெசத்த எழுதினாங்களாங்கறதெல்லாம் அதுக்கப்புறம் வர்ற கேள்வி. அந்தக் கேள்விக்குச் சட்டத்துல எடமில்ல.”

“வந்தப்ப என் நாயை உதைச்சிருந்தா?”

நீதிபதி நாற்காலியில் சாய்ந்தார். சட்ட நுணுக்கம் என்றால் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். “நல்ல கேள்வி. சும்மா உதைச்சிருந்தா வழக்குப் போடலாம். வீட்டுச் சூழல ஆய்வு பண்றதுக்காக உதைச்சிருந்தா போட முடியாது.” பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். “ஏன் இப்படின்னு நெனைக்கறீங்க? நாளைக்கு எவனாவது வழக்குப் போடுவானோன்னு பயந்துக்கிட்டே இருந்தா, அவங்க குழந்தைக்காகத் துணிஞ்சு பேச முடியுமா? குழந்தை பயப்படலாம், நீங்க பயப்படலாம். குழந்தையோட பிரதிநிதிக்கு மட்டும் பயம் வரவே கூடாது.”

அன்று டுவெய்னுக்கு வெளியே போகும் வழியை நான்தான் காட்டினேன். வழி அவனுக்குத் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை அவன் வீட்டுப் பக்கம் போனபோது, டிரெய்லர் இருந்த இடத்தில் டிரெய்லர் இல்லை. இருபது அடி தள்ளி டிராக்டர் பின்னால் நின்றது. பழைய இடத்தில் டுவெய்ன் மண்வெட்டியோடு முழங்கால் ஆழக் குழியில் நின்றுகொண்டிருந்தான். குழி விளிம்பில் டெசா உட்கார்ந்து, வெளியே வரும் மண்புழுக்களை ஒரு வாளியில் சேகரித்துக்கொண்டிருந்தாள்.

“என்னப்பா பண்ற?” என்றேன்.

“நிலவறை.” வியர்வையைத் துடைத்தான். பல நாளுக்கப்புறம் முகத்தில் ஒரு தெளிவு. “ஹார்லன் என்ன சொன்னார்? இருந்தாத்தான் அகற்ற முடியும்னார். சரி, இருக்கட்டும். தோண்டறேன், ஒரு உலைய வாங்கி உள்ள வைக்கறேன், ஆய்வு பண்ணட்டும், அகற்றறேன், சான்றிதழ் குடுக்கட்டும். முடிஞ்சுதா?”

அவனை நான் தடுத்திருக்க வேண்டும். ஆனால் இருபத்திரண்டு வருடம் அந்தக் கட்டடத்தில் இருந்தவனுக்கு அவன் சொன்னது ரொம்பவும் நியாயமாகப் பட்டது. கோட்டைக் கழற்றி வேலியில் மாட்டிவிட்டு இன்னொரு மண்வெட்டியை எடுத்தேன்.

“மிஸ்டர் மெர்லுக்குத் தோண்டவே தெரியல, அப்பா” என்றாள் டெசா. “பாதி மண்ணு மறுபடி உள்ளயே விழுது.”

“அவரு அரசாங்க வேலைல இருக்காரும்மா” என்றான் டுவெய்ன்.

மூன்று சனிக்கிழமை போனேன். மற்ற பேருந்து ஓட்டுநர்களும் வந்தார்கள். ஒருவர் குழி தோண்டும் எந்திரத்தையே கொண்டுவந்தார். யாரோ ஒருவர் மனைவி பெரிய தட்டு நிறைய மக்ரோனியும் சீஸும் கொண்டுவந்து வைத்தாள். என்ன காரியம் என்று யாரும் துருவிக் கேட்கவில்லை. நீதிமன்ற விஷயம் என்றதும் தலையை ஆட்டிக்கொண்டு தோண்டினார்கள். மே நடுவில் சுவர் எழுப்பி, இரும்பு உத்தரம் போட்டு, டிரெய்லரை மறுபடி மேலே இழுத்து வைத்தார்கள். எங்கள் கவுண்டியிலேயே நிலவறை உள்ள ஒரே டிரெய்லர் வீடு. இடித்துக்கொண்டிருந்த பழைய பள்ளிக்கூடத்திலிருந்து எண்ணெயில் எரியும் கணப்பு உலை ஒன்று வந்தது. மாடு அளவு இருந்தது. நான்கு பேர் இறக்கினோம்.

மே கடைசிச் சனிக்கிழமை ஹார்லன் ஆய்வுக்கு வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார், உத்தரத்தை அளந்தார். “நேர்த்தியான நிலவறை” என்றார். பிறகு உலையைச் சுற்றி வந்தார். “ஓட்டிக் காட்டுங்க.”

“அகற்றத்தானே போறோம் சார்?”

“ஓடாத உலை உலையே இல்லீங்க, பழைய இரும்பு. பழைய இரும்ப அகற்றினதுக்கு என்கிட்ட படிவம் இல்ல.”

டுவெய்ன் பற்றவைத்தான். டெசா ஏணியின் மேற்படியில் சீஸ் சாண்ட்விச்சோடு உட்கார்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளுக்குப் பின்னால் மேலே நின்றேன். முதலில் ஒரு சொடுக்கு. பிறகு உலையின் வயிற்றுக்குள் என்னவோ புரண்டது. நாற்பது வருடத் துருவையெல்லாம் ஒரே மூச்சில் அரைப்பதுபோல் ஒரு சத்தம் கிளம்பி, குழாய் நடுங்கி, மேலே வீடு முழுவதும் அதிர்ந்து, சமையலறையில் தட்டுகள் விழுந்து உடைந்தன. டெசா சாண்ட்விச்சைப் போட்டுவிட்டு ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

“நிறுத்தச் சொல்லுங்க மிஸ்டர் மெர்ல், நிறுத்தச் சொல்லுங்க!”

கீழே டுவெய்னுக்கு எதுவும் கேட்கவில்லை. “ஓடுது!” என்று கத்திக்கொண்டிருந்தான். கண்ணில் தண்ணீர். “ஹார்லன், ஓடுது பாருங்க!”

திங்கட்கிழமை உலையை அகற்றினார்கள். செவ்வாய்க்கிழமை முத்திரை குத்திய சான்றிதழ் கைக்கு வந்தது. என்னிடம் காட்டும்போது அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

ஜூன் பத்தாம் தேதி. “எல்லோரும் எழுந்து நில்லுங்கள்” என்று கத்தினேன். டுவெய்ன் சான்றிதழை நீட்டினான். நீதிபதி படித்தார், முகம் மலர்ந்தது. “பாருங்க, ஒத்துழைச்சா எவ்வளவு சுலபம்!” எனக்கும் ஒரு நிமிடம், நிஜமாகவே, எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் தோன்றியது.

பிறகு அவர் மறுபடி படித்தார். “மேற்படி வீட்டின் நிலவறையில் இயங்கு நிலையில் இருந்த கணப்பு உலை அகற்றப்பட்டது.” கண்ணாடியை இறக்கினார். “மிஸ்டர் காஃப்மன், மார்ச் மாசம் பைபிள்ல கை வச்சு என்ன சொன்னீங்க?”

“நிலவறை இல்லைன்னு.”

“உலை?”

“அப்ப இல்ல யுவர் ஆனர். நான் அப்புறமாத்தான் தோண்டினேன். நீங்க சொன்னதுக்காகத் தோண்டினேன்.”

“இல்லாத உலைய அகற்றறதுக்காக நிலவறை தோண்டி, உலை வாங்கி வச்சு, அகற்றினீங்க?”

“ஆமா.”

சபையில் சிரிப்பு. அந்த உண்மையை அவ்வளவு சுத்தமாக எடுத்துச் சொன்ன பிறகு அதை நம்புவது யாருக்கும் சாத்தியமில்லாமல் போயிற்று. நீதிபதி சிரிக்கவில்லை. “நீதிமன்றத்துல சத்தியம் பண்ணிப் பொய் சொல்றது என்ன குத்தம்னு தெரியுமா?”

நான் அவர் நாற்காலிக்கு ஐந்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். என் உள்ளங்கையில் மண்வெட்டி போட்ட காய்ப்பு இன்னும் இருந்தது. ஒரு வாக்கியம் போதும்: நானும் தோண்டினேன், ஐயா. வாயைத் திறந்தேன். அம்மையார் என்னைத் திரும்பிப் பார்த்தார். மிரட்டவில்லை, ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோல் புன்னகைத்தார். ஓய்வூதியத்துக்கான பதினான்கு மாதம் அப்போது பத்து மாதமாகக் குறைந்திருந்தது. வாயை மூடிக்கொண்டேன். அதற்காக என்னைப் பற்றி நீங்கள் என்ன நினைத்தாலும் சரி, நான் அதைவிட மோசமாக நினைக்கிறேன்.

“குழந்தையையே கேட்டுடலாம் யுவர் ஆனர்” என்றார் அம்மையார். “நான் ஒளிக்கறதுக்கு ஒண்ணுமில்ல.”

நீதிபதியின் தனியறையில் கேட்டார்கள். பெற்றோருக்கு அனுமதி இல்லை. நீதிபதி, அம்மையார், தட்டச்சர், கதவருகே நான். டெசாவின் கால் தரையைத் தொடவில்லை. அம்மையார் அவள் கையைக் குலுக்கி, “உன்னைப் பாத்ததுல ரொம்ப சந்தோஷம்மா” என்றார். அதுதான் அவர்களுடைய முதல் சந்திப்பு.

“பொய் சொல்லக்கூடாது, தெரியுமில்ல?” என்றார் நீதிபதி.

“தெரியும் சார்.”

“உங்க அப்பா வீட்டு நிலவறைல உலை இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“அதைப் பாத்து நீ பயந்தியா?”

டெசா என்னைப் பார்த்தாள். பிறகு தன் ஷூவைப் பார்த்தாள். அந்தக் கட்டடத்தில் இருபத்திரண்டு வருடத்தில் உண்மை சொல்வதற்கு அவ்வளவு நேரம் யோசித்தவர்களை நான் பார்த்ததில்லை.

“ஆமா. ஒரே ஒரு தடவை. அது பல்லைக் கடிக்கிற மாதிரி இருந்துச்சு. ஆனா அது எங்க அப்பா…”

“போதும்மா. ரொம்ப தைரியமான பொண்ணு” என்றார் நீதிபதி.

“மீதிய நான் சொல்லிக்கறேன்” என்றார் அம்மையார். தட்டச்சரின் விரல்கள் நின்றன.

அவர் நீதிபதியிடம் திரும்பினார். பெருமைப்பட்டுக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இல்லை, ஆனாலும் அன்று குரல் கொஞ்சம் தழுதழுத்தது. “பிப்ரவரியிலயே எழுதிட்டேன் யுவர் ஆனர். அதே வார்த்தை. குழந்தை சொல்றதுக்கு நாலு மாசம் முன்னாலயே எனக்குக் கேட்டுடுச்சு.”

தீர்ப்பு அரைப்பக்கம். டெசா தாயோடு அரிசோனா போவாள். தந்தை வருடத்துக்கு ஒரு வாரம், இன்னொருவர் கண்காணிப்பில், நிலவறை இல்லாத ஓர் இடத்தில் அவளைப் பார்க்கலாம். பொய்ச் சத்தியம் பற்றி அரசு வழக்கறிஞர் முடிவு செய்வார். பிரதிநிதியின் ‘அசாதாரணமான தொலைநோக்கை’ நீதிமன்றம் பாராட்டுகிறது. டுவெய்ன் எழுந்து நின்று கேட்டான். முடிந்த பிறகும் நின்றுகொண்டிருந்தான். “மேல ஏதாவது தோண்டணுமா யுவர் ஆனர்?” என்று கேட்டான். கிண்டலாகக் கேட்டதாக நீதிபதி நினைத்தார். இல்லை. எங்கே தோண்ட வேண்டும் என்று சொன்னால் அன்று மாலையே ஆரம்பித்திருப்பான்.

அவன் உள்ளே காகிதங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். லோரீன் காரை எடுக்கப் போயிருந்தாள். போகும்போது அவளும் அழுதாள். டெசா தாழ்வாரப் பெஞ்சில், கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“நான் சொன்னதாலதானா, மிஸ்டர் மெர்ல்?”

“இல்லம்மா.”

“நான் பயந்தது நெசம்தான். பொய் சொல்லக்கூடாதுன்னாங்க.”

“நீ ஒரு தப்பும் பண்ணல.”

என் உள்ளங்கையைப் பார்த்தாள். “அந்தக் குழிய நீங்களும்தானே தோண்டினீங்க?”

“ஆமாம்மா.”

“அப்ப நீங்க ஏன் சொல்லல?”

அந்தக் கட்டடத்தில் யாரும் எனக்கு எதிராக வழக்குப் போட முடியாது. அவள் போடவும் இல்லை, கேட்டாள், அவ்வளவுதான். உள்ளே மணி அடித்தது, அடுத்த வழக்கு. எழுந்து போய் என் இடத்தில் நின்று, வழக்கமான குரலில் கத்தினேன்.

“எல்லோரும் எழுந்து நில்லுங்கள்!”

எல்லோரும் எழுந்து நின்றார்கள். கதவின் கண்ணாடி வழியாகத் தாழ்வாரம் தெரிந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த டெசாவும் எழுந்து நின்றிருந்தாள்.